ஆல்பனியைச் சுற்றி எங்கு பார்த்தாலும் ரென்சலீர்: யார் இந்தக் குடும்பம்?

நியூயார்க் மாநிலத்துக்குப் புதிதாகப் படிக்க வந்த ஒருவர் கேட்டிருக்கிறார்: "ரயிலில் வந்து இறங்கிய நிலையம் ஆல்பனி–ரென்சலீர். சேர்ந்திருப்பது ரென்சலீர் பாலிடெக்னிக். வாடகை ஒப்பந்தத்தில் ரென்சலீர் கவுண்டி (மாவட்டம்) என்று போட்டிருக்கிறது. ஆனால் குடியிருக்கும் ஊர் ட்ராய். பக்கத்து ஊர்களின் பெயர்ப்பலகையிலும் இதே பெயர் வருகிறது. இவர்கள் யார்? இவ்வளவு இடங்களுக்கு ஏன் ஒரே பெயர்?"

வான் ரென்சலீர் என்பது டச்சுக் குடும்பம். 1630 தொடங்கி இரண்டு நூற்றாண்டுக்கு மேல் நீங்கள் இப்போது இருக்கும் பகுதியின் பெரும்பாலான மண்ணுக்கு அவர்கள்தான் நிலச்சுவான்தார்கள். ஆனால் அந்தப் பெயரைத் தாங்கும் இடங்கள் எல்லாம் ஒரே வழியில் பெயர் பெறவில்லை. யார் வைத்தார்கள், எந்த வருஷம் வைத்தார்கள் என்று பார்த்தால்தான் கதை பிடிபடும். இந்தப் பகுதியின் வரலாற்றை நீண்ட காலமாக ஆசையாகப் படித்து வருகிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் ஆள் கிலியான் வான் ரென்சலீர். ஆம்ஸ்டர்டாமில் வைரமும் முத்தும் விற்ற வியாபாரி, டச்சு மேற்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர். (பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்திருந்தது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. இது வேறு கம்பெனி. அட்லாண்டிக் பக்கத்து வியாபாரத்துக்கென்று தொடங்கியது.) ஹட்சன் ஆற்றங்கரையில் 1624-ல் ஆரஞ்சுக் கோட்டையைக் கட்டி, பூர்வகுடிகளிடமிருந்து பீவர் தோல் வாங்கிக் கம்பெனி வியாபாரம் செய்துகொண்டிருந்தது. தோல் கிடைத்தது; உழுது விதைக்கக் குடியானவர்கள் வரவில்லை. அதனால் 1629-ல் ஒரு சலுகை அறிவித்தார்கள். நான்கு வருஷத்துக்குள் 50 பேரைக் கொண்டுவந்து குடியேற்றுபவருக்கு ஆற்றோரத்தில் பெரிய நிலப்பரப்பு கிடைக்கும். அங்கே சொந்தமாக நீதிமன்றம் வைத்துக்கொள்ளவும் உரிமை உண்டு. அப்படி நிலம் பெற்றவரைப் பட்ரூன் என்று அழைத்தார்கள். பலர் முயன்றார்கள். நிலைத்தது கிலியானின் ரென்சலீர்ஸ்வைக் ஒன்றுதான்.

கிலியான் இங்கே வந்ததே இல்லை. மொஹிகன் மக்களிடமிருந்து நிலத்தை வாங்கியது, ஆள் அனுப்பியது, பண்ணை வைத்தது, கணக்குக் கேட்டது எல்லாம் ஆம்ஸ்டர்டாமில் உட்கார்ந்து கடிதம் மூலமாகத்தான். அந்தக் கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. கோட்டையைச் சுற்றி ஆற்றின் இரு கரையிலும் நிலம் விரிந்துகொண்டே போனது. பொதுவாகச் சொல்லப்படும் அளவு, ஆற்றோரமாக 24 மைல் நீளம், இரு கரையும் சேர்த்து 48 மைல் அகலம். இன்றைய ஆல்பனி, ரென்சலீர் கவுண்டிகளின் பெரும்பகுதியும் கொலம்பியா, கிரீன் கவுண்டிகளின் சில பகுதிகளும் அதற்குள் அடக்கம்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். இவ்வளவு நிலமும் அவர்களுடையது என்றால், நட்ட நடுவில் இருக்கும் தலைநகருக்கு மட்டும் ஏன் ஆல்பனி என்று பெயர்?

அதற்குக் காரணம் ஒரு சண்டை. கோட்டை கம்பெனியுடையது, கோட்டையைச் சுற்றிய நிலம் பட்ரூனுடையது. கோட்டை வாசலிலேயே பட்ரூனின் நிர்வாகி பிராண்ட் வான் ஸ்லிக்டன்ஹார்ஸ்ட் வீடுகள் கட்டிக் கொடுத்தார். கம்பெனியின் ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட்டுக்கு அது பிடிக்கவில்லை. கோட்டைப் பீரங்கியின் குண்டு எட்டும் தூரம்வரை கம்பெனியின் அதிகாரம்தான் என்று அவர் வாதிட்டார். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் 1652-ல் ஸ்டைவசன்ட் கோட்டையைச் சுற்றிய குடியிருப்பைப் பட்ரூனின் நிலத்திலிருந்து வெட்டி எடுத்து, பெவர்வைக் என்று தனி ஊராக அறிவித்து, அதற்குத் தனி நீதிமன்றமும் வைத்தார். நிர்வாகியைப் பிடித்து மன்ஹாட்டனுக்குக் கொண்டுபோனார். 1664-ல் ஆங்கிலேயர்கள் வந்து இந்தக் காலனியைப் பிடித்தபோது, அதே பெவர்வைக்குக்கு யார்க் மற்றும் ஆல்பனி பிரபுவின் பட்டத்திலிருந்து ஆல்பனி என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பிரபுதான் பின்னால் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரானவர். பட்ரூனின் கையை விட்டுப் போயிருந்த ஊர் என்பதால் தலைநகருக்குக் குடும்பப் பெயர் ஒட்டவில்லை.

ஊர் போனாலும் நிலம் போகவில்லை. ஆங்கிலேயர்கள் 1685-ல் பட்டயம் கொடுத்து, டச்சுப் பண்ணையை ஆங்கில முறை மேனராக (ஜமீன் போன்ற நிலவுடைமை) மாற்றி அதே குடும்பத்திடமே விட்டுவைத்தார்கள். அமெரிக்கா சுதந்திரம் அடைந்த பிறகும் அப்படியே இருந்தது. மன்னராட்சியை எதிர்த்துப் போராடி வென்ற நாட்டில், ஆயிரக்கணக்கான விவசாயிகள் ஒரே குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாகக் குத்தகை அளந்துகொண்டிருந்தார்கள். அமெரிக்க வரலாறு என்றவுடன் நமக்குத் தோன்றும் சித்திரத்தில் இது வருவதே இல்லை. வர வேண்டும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் பார்க்கும் பெயர்களில் பெரும்பாலானவை வந்தது இந்தக் கட்டத்தில்தான், அதுவும் ஒரே மனிதரைச் சுற்றி: மூன்றாம் ஸ்டீபன் வான் ரென்சலீர். 1764-ல் பிறந்தவர். ஐந்து வயது நிறைவதற்குள் அப்பா இறந்துவிட, சொத்து முழுவதும் அவர் பெயருக்கு வந்தது. மாமனார் ஃபிலிப் ஸ்கைலர், புரட்சிப் போரின் தளபதி, அவரும் ஆல்பனியின் பழைய டச்சுக் குடும்பம். ஸ்கைலரின் ஒரு மகளை, பின்னாளில் அமெரிக்காவின் முதல் நிதியமைச்சரான அலெக்சாண்டர் ஹாமில்டன் 1780-ல் கட்டினார். அடுத்த மகள் மார்கரிட்டாவை 1783-ல் ஸ்டீபன் கட்டினார். ஆக, ஹாமில்டனும் ஸ்டீபனும் சகலைகள். மேனரின் குத்தகைப் பத்திரத்தை எழுதிக் கொடுத்ததே ஹாமில்டன்தான் என்று இங்கே சொல்வார்கள்.

ட்ராயிலிருந்து கிழக்கே மாசசூசெட்ஸ் எல்லைப் பக்கம் போனால் ஸ்டீபன்டவுன் என்று ஓர் ஊர் வரும். 1784-ல் அமைந்தது. அப்போது ஸ்டீபனுக்கு வயது 19. சொத்து இன்னும் கைக்கே வரவில்லை, 21 நிறைந்தால்தான் வரும். பையன் பெரியவனாகும் முன்பே அவன் பெயரில் ஊர் இருந்தது! ஆற்றின் மறுபக்கம், ஆல்பனி கவுண்டியின் தென்மேற்கு மூலையில், ரென்சலீர்வில் 1790-ல் அமைந்தது. அடுத்த வருஷமே ஆல்பனி கவுண்டியிலிருந்து கிழக்குக் கரையைப் பிரித்து ரென்சலீர் கவுண்டி ஆக்கினார்கள். உங்கள் வாடகை ஒப்பந்தத்தில் இருப்பது அது. ரென்சலீர்வில்லுக்குப் பக்கத்தில் வெஸ்டர்லோ என்று ஒன்று இருக்கிறது. பார்த்தால் சம்பந்தமில்லாத பெயர் போலத் தெரியும். ஆனால் ஸ்டீபனின் அம்மா மறுமணம் செய்துகொண்ட போதகர் ஐலார்டஸ் வெஸ்டர்லோவின் பெயர் அது. இப்படி, குடும்பத்தின் உறவுமுறையே வரைபடத்தில் ஏறிக்கிடக்கிறது.

இந்த ஊர்களில் வந்து குடியேறியவர்கள் பெரும்பாலும் நியூ இங்கிலாந்திலிருந்து வந்த ஏழை விவசாயிகளும் போரிலிருந்து திரும்பிய வீரர்களும். ஸ்டீபன் அவர்களை நயமாகத்தான் அழைத்தார்: ஏழு வருஷம் குத்தகை இல்லாமல் உழுதுகொள்ளுங்கள், பிடித்திருந்தால் பத்திரம் போட்டுக்கொள்ளலாம். மரம் வெட்டி, கல் பொறுக்கி, வேலி போட்டு, வீடு கட்டி முடித்த பிறகு எந்தக் குடியானவன் வேண்டாம் என்று எழுந்து போவான்?

பத்திரத்தின் நிபந்தனைகளைப் பாருங்கள். நூறு ஏக்கருக்கு வருஷம் 10 முதல் 14 புஷல் (தானியம் அளக்கும் அளவு) கோதுமை, கொழுத்த கோழி நான்கு, குதிரையும் வண்டியுமாக ஒரு நாள் வேலை. நிலவரி குத்தகைதாரர் தலையில். நிலத்தடிக் கனிமமும் ஆலை ஓட்டும் ஓடையும் பட்ரூனுக்கு. நிலத்தை இன்னொருவருக்கு விற்க வேண்டுமானால், பல பத்திரங்களில் விலையில் கால் பங்கு பட்ரூனுக்குப் போக வேண்டும். அதாவது, இருபது வருஷம் உழைத்து நிலத்தைப் பண்படுத்தி, வீடும் களஞ்சியமும் கட்டியவர் விற்கும்போது, அந்த உழைப்பால் ஏறிய விலையிலும் கால் பங்கு எடுத்துக்கொள்வார்கள். இதற்கெல்லாம் கால வரம்பு கிடையாது. குத்தகை தலைமுறைக்கும் தொடரும். நம் ஊர் ஜமீன் கணக்கு தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக விளக்க ஒன்றும் இல்லை.

ஆல்பனிக்கு மேற்கே ஹெல்டர்பெர்க் மலைப்பக்கம் போனீர்களானால் இதன் கடுமை கண்ணிலேயே தெரியும். ஓர் அடி தோண்டினால் பாறை. வயலுக்கு வயல், உழும்போது பெயர்ந்த கல்லை அடுக்கியே வேலி. அந்த மண்ணில் கோதுமை சில வருஷம் நன்றாக வந்தது, அப்புறம் தேய்ந்துவிட்டது. மகசூல் குறைந்தாலும் பத்திரத்தில் எழுதிய புஷல் குறையவில்லை. கோதுமை இல்லையென்றால் சந்தை விலைக்குப் பணமாகக் கொடு.

ஸ்டீபனைக் கொடுமைக்காரர் என்று சொல்ல முடியாது. நெருக்கிக் கேட்டதில்லை, பாக்கி விழுந்தால் விட்டுவைப்பார். 'நல்ல பட்ரூன்' என்றே அவரை அழைத்தார்கள். ஹட்சன் ஆற்றை ஈரி ஏரியோடு இணைத்த ஈரி கால்வாய்த் திட்டத்தின் ஆணையத்தில் முக்கியமானவர், பின்னாளில் அதன் தலைவர். கால்வாய் போகும் வழி முழுக்க நிலவியல் ஆய்வு செய்ய அமோஸ் ஈட்டன் என்பவருக்குச் சொந்தப் பணம் கொடுத்தார். அதே ஈட்டனோடு சேர்ந்து 1824-ல் ட்ராயில் ஒரு பள்ளி தொடங்கினார். அறிவியலை அன்றாட வாழ்க்கையின் காரியங்களுக்குப் பயன்படுத்தக் கற்றுத்தர வேண்டும் என்பதுதான் அவர் எழுதிக் கொடுத்த நோக்கம். விவசாயிகளின், தொழிலாளிகளின் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் ஆசிரியர்களை உருவாக்குவது முதல் குறி. ஆசிரியர் பேச, மாணவர் கேட்டுக்கொண்டு உட்காரும் முறையை ஈட்டன் தலைகீழாக்கினார். மாணவர்களே சோதனை செய்து காட்டி, அவர்களே பாடம் நடத்த வேண்டும். 1835-ல் இங்கே சிவில் இன்ஜினியரிங் பட்டம் கொடுக்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் அதுதான் முதல். புரூக்ளின் பாலத்தைக் கட்டி முடித்த வாஷிங்டன் ரோப்லிங் இங்கே படித்தவர். 1861-ல் இப்போதைய பெயர் வந்தது. அதுதான் நீங்கள் சேர்ந்திருக்கும் ரென்சலீர் பாலிடெக்னிக்.

இத்தனை இடங்களில் அந்தப் பெயருக்கு முழுத் தகுதி உள்ளது இந்தப் பள்ளிக்குத்தான் என்பது என் கருத்து. மற்றவை நிலம் வைத்திருந்ததற்காக வந்தவை. இது செய்த காரியத்துக்காக வந்தது. ஆனால் பள்ளிக்குக் கொடுத்த பணம் எங்கிருந்து வந்தது என்றால், அதே மலைப்பண்ணைகளின் கோதுமையிலிருந்துதான். நியூயார்க்கில் 1827-ல் அடிமைமுறை ஒழிந்தது; அதற்கு முந்தைய காலத்தில் இந்தக் குடும்பம் அடிமைகளையும் வைத்திருந்தது. பெயரைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1839 ஜனவரியில் ஸ்டீபன் இறந்தார். நல்லவராக விட்டுவைத்த பாக்கிகளெல்லாம் சேர்ந்து சுமார் 4 லட்சம் டாலர். அதை வசூலித்துத் தன் கடனை அடைக்க வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தார். மூத்த மகன் நான்காம் ஸ்டீபனுக்கு மேற்குக் கரை, இளையவர் வில்லியமுக்குக் கிழக்குக் கரை. விவசாயிகள் ஒரு குழுவாக வந்து, நிலத்தை நியாய விலைக்கு எங்களுக்கே விற்றுவிடுங்கள் என்று கேட்டார்கள். நான்காம் ஸ்டீபன் அவர்களோடு நேரில் பேசாமல், எழுத்தில் மறுத்துப் பதில் அனுப்பினார். அந்த ஜூலை 4-ஆம் தேதி, நாட்டின் சுதந்திர தினத்தன்று, பெர்ன் என்ற மலையூரில் கூடி இனிக் குத்தகை கட்டுவதில்லை என்று முடிவெடுத்தார்கள்.

அப்புறம் நடந்ததைக் குத்தகை எதிர்ப்புப் போர் என்றே இங்கே சொல்கிறார்கள். டிசம்பரில் ஷெரிஃப் சில நூறு பேரைத் திரட்டிக்கொண்டு மலையேறினார். பல மடங்கு கூட்டம் வழியை மறிக்க, திரும்பி வந்தார். ஆளுநர் சீவர்ட் படையை அனுப்ப வேண்டியதாயிற்று. விவசாயிகள் சீட்டித் துணியில் அங்கி தைத்துப் போட்டுக்கொண்டு, ஆட்டுத்தோல் முகமூடி மாட்டிக்கொண்டு, பூர்வகுடி வேடத்தில் திரிந்தார்கள். சாப்பாட்டுக்கு அழைக்க வீட்டில் ஊதும் தகரக் கொம்புதான் எச்சரிக்கை ஒலி. ஒரு பண்ணையில் ஊதினால் அடுத்த பண்ணையில் ஊத, ஜப்தி செய்ய அதிகாரி வந்து சேர்வதற்குள் மலை முழுக்கச் சேதி போய்விடும். 'பெரிய இடி' என்ற பட்டப்பெயரில் இவர்களை வழிநடத்தியவர் ஸ்மித் பௌட்டன், ரென்சலீர் கவுண்டியில் வைத்தியம் பார்த்த மருத்துவர். அவருக்கு 1845-ல் ஆயுள் தண்டனை விதித்தார்கள். 1847-ல் புதிய ஆளுநர் ஜான் யங் மன்னித்து விடுவித்தார். போராட்டம் வேறு ஜமீன்களுக்கும் பரவி, 1846-ல் மாநில அரசியல் சட்டமே மாறியது. இனிமேல் பண்ணையடிமை முறைக் குத்தகை கூடாது, விவசாய நிலத்தை 12 வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடவே கூடாது என்று எழுதினார்கள். ஏற்கனவே போட்ட பத்திரங்களை அது தொடவில்லை. அவற்றுக்கான வழக்குகள் இழுத்துக்கொண்டே போயின. ஆனால் வான் ரென்சலீர்கள் கையில் இருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுவிட்டு ஒதுங்கினார்கள். மேனரின் மாளிகையை 1890-களில் பிரித்துவிட்டார்கள். அதன் முன்கூடமும், சுவரில் ஒட்டியிருந்த கையால் தீட்டிய ஓவியத்தாளும் இப்போது நியூயார்க் நகரத்தின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இதற்குப் பிறகுதான், 1897-ல், ஆல்பனிக்கு எதிர்க்கரையில் கிரீன்புஷ் பக்கத்துக் குடியிருப்புகள் ஒன்றாகி நகரமானபோது, ரென்சலீர் என்று பெயர் வைத்துக்கொண்டன. நீங்கள் ரயிலில் இறங்கிய ஊர் அதுதான். ஆல்பனிக்கான ரயில் நிலையம் ஆல்பனியில் இல்லை, ஆற்றுக்கு இந்தப்பக்கம் இருக்கிறது. அதனால்தான் இரட்டைப் பெயர். குத்தகை கேட்க ஆளில்லாத காலத்தில், ஊர்க்காரர்களே விரும்பி எடுத்துக்கொண்ட பெயர் இது. அதற்குள் கோபம் ஆறி, பெயர் பெருமையாகிவிட்டிருந்தது. எனக்கு இதுதான் இந்தக் கதையிலேயே யோசிக்க வைக்கும் இடம். பௌட்டன் பெயரில் ஒரு கவுண்டியும் இல்லை.

உங்கள் ஊரான ட்ராயும் இதே வகைக் கதைதான், ஆனால் முடிவு வேறு. அந்த இடம் வேண்டர்ஹைடன் என்ற இன்னொரு டச்சுக் குடும்பத்துடையது. ஊரையும் அந்தப் பெயரால்தான் சொன்னார்கள். நியூ இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய வியாபாரிகள் 1789-ல் ஒரு கூட்டம் போட்டு, கிரேக்கக் காவியத்து ட்ராயின் பெயரை வைத்துவிட்டார்கள். வேண்டர்ஹைடன்களுக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை. ட்ராயின் வடபகுதியான லான்சிங்பர்க், லான்சிங் என்ற டச்சுக் குடும்பத்தின் பெயர். அதே வம்சத்து நீதிபதி ஜான் லான்சிங்கின் பெயரில் நியூயார்க்கில் ஓர் ஊர் அமைந்தது. அங்கிருந்து மேற்கே போனவர்கள் கொண்டுபோன பெயர்தான் மிச்சிகன் மாநிலத் தலைநகர். அந்த ஜான் லான்சிங் 1829-ல் நியூயார்க் நகரத்து ஹோட்டலிலிருந்து கடிதம் போட்டுவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போனவர்; திரும்பி வரவே இல்லை.

ரென்சலீர் பெயரும் தூரம் போயிருக்கிறது. கனடா எல்லையோரம் ரென்சலீர் ஃபால்ஸ் என்ற சிற்றூர், மூன்றாம் ஸ்டீபனின் இன்னொரு மகன் ஹென்றி அந்தப் பக்கம் நிலம் வைத்திருந்ததால் வந்தது. இண்டியானா மாநிலத்தின் ரென்சலீர், 1837 நிதி நெருக்கடியில் நொடித்துப்போய் யூட்டிக்காவிலிருந்து கிளம்பிய ஜேம்ஸ் வான் ரென்சலீர் என்ற வணிகர் உருவாக்கிய ஊர்.

மொஹிகன் மக்களைப் பற்றிச் சொல்லாமல் இது முடியாது. நிலத்தை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, மாசசூசெட்ஸின் ஸ்டாக்பிரிட்ஜுக்கும், அங்கிருந்து நியூயார்க்கின் நடுப்பகுதிக்கும், கடைசியில் விஸ்கான்சினுக்கும் தள்ளப்பட்டார்கள். ஸ்டாக்பிரிட்ஜ்–மன்சி சமூகம் என்று இன்றும் அங்கே இருக்கிறார்கள். ரென்சலீர் நகரத்துக்குத் தெற்கே ஆற்றோரத்தில் பாப்ஸ்கனீ தீவு இருக்கிறது. கிலியான் 1637-ல் மொஹிகன்களிடமிருந்து வாங்கிய நிலம். பெயர் மட்டும் ஒரு மொஹிகன் தலைவருடையதாகவே நின்றுவிட்டது. 2021-ல் அந்தத் தீவின் இயற்கைக் காப்பகத்தில் 156 ஏக்கரை ஒரு நிலப் பாதுகாப்பு அமைப்பு ஸ்டாக்பிரிட்ஜ்–மன்சி சமூகத்திடம் திருப்பிக் கொடுத்தது.

நேரில் பார்க்க ஆசையிருந்தால் மூன்று இடம் சொல்வேன். முதலில் ரென்சலீர் நகரத்தில் ஆற்றோரமாக இருக்கும் கிரெய்லோ. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடும்பத்தின் இளைய கிளை கட்டிய செங்கல் வீடு, இப்போது டச்சுக் காலனி வரலாற்று அருங்காட்சியகம். ரயில் நிலையத்திலிருந்து அதிக தூரமில்லை. இரண்டாவது ஆல்பனியின் தென்பகுதியில் செர்ரி ஹில். 1787-ல் கட்டியது, 1963 வரை ஒரே குடும்பத்தின் ஐந்து தலைமுறை வாழ்ந்த வீடு, பாத்திரம் பண்டம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. இரண்டுக்கும் திறந்திருக்கும் நாளைப் பார்த்துக்கொண்டு போங்கள். மூன்றாவது பெர்ன். இலையுதிர் காலத்தில் எல்லோரும் ஹெல்டர்பெர்க் மலைக்கு தாச்சர் பூங்காவைப் பார்க்கப் போவார்கள். அப்படியே கார் இன்னும் கொஞ்ச தூரம் போனால் இந்த ஊர். அங்கே உள்ள லூத்தரன் தேவாலயத்தில்தான் 1845 ஜனவரியில் 11 கவுண்டிகளிலிருந்து வந்த குத்தகை விவசாயிகள் மாநாடு கூட்டினார்கள். மூன்றில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் பெர்னுக்குப் போங்கள்.